பார்த்தும் காணாத சாலை

சட்டைப்பைக்குள் போன் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காருக்குள் வந்துவிட்டது. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஓடும் வண்டியிலிருந்து பேசும் தொலைபேசிச் சேவை தொடங்கியது. கருவி அவ்வளவு கனம்; அதைச் சுமக்க ஒரு வண்டியே தேவைப்பட்டது. ஆக, ஓட்டுநரும் போனும் பின்னாளில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவர்கள் அல்லர். அந்தக் கூட்டு பாதுகாப்பானதா என்ற கேள்விதான் தாமதமாக வந்தது. வந்த பிறகும் அதற்கான விடையை நாம் இன்றுவரை பாதிதான் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கேள்வியை முறையாகச் சோதித்த முதல் ஆய்வுகளில் ஒன்று 1969இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் இயங்கிய பயன்பாட்டு உளவியல் பிரிவைச் சேர்ந்த ஐ.டி. பிரவுனும் அவரது சகாக்களும் 24 பேரைச் சோதனைத் தடத்தில் கார் ஓட்டவைத்தார்கள். வழியில் தடுப்புகளுக்கு இடையே இடைவெளிகள் இருக்கும். சிலவற்றில் கார் நுழையும், சில காரைவிடக் குறுகலானவை. நுழையலாமா, விலகிப் போகலாமா என்று ஓட்டுபவர் அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். கூடவே, தொலைபேசி வழியாக ஒரு வாக்கியம் காதில் விழும். அது சரியா தவறா என்று சிந்தித்துச் சொல்ல வேண்டும்.

முடிவு விசித்திரமாக இருந்தது. நுழையக்கூடிய இடைவெளிக்குள் காரைச் செலுத்தும் திறமை பெரிதாகக் கெடவில்லை. எந்த இடைவெளியில் நுழைய முடியும் என்று கணிக்கும் திறமைதான் கெட்டது. கை தன் வேலையைச் செய்தது, கணிப்பு தடுமாறியது. அவர்கள் கையில் போனே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, அதனால் தீராத சிக்கல் ஒன்று பதிவாகிவிட்டது.

பிறகு நடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியை இந்த ஒரு சோதனையின் விரிவுரையாகவே படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டி ஓட்டுவதில் இரண்டு அடுக்குகள் உண்டு. கியர் மாற்றுவது, ஸ்டீயரிங்கை நேராகப் பிடிப்பது, முன்வண்டியோடு ஓரளவு இடைவெளி விடுவது எல்லாம் பழக்கத்தில் ஊறிப்போனவை. பேருந்து மறைவிலிருந்து ஒரு பிள்ளை ஓடிவரக்கூடும் என்று ஊகிப்பதும், எதிரே வருபவன் திரும்பப்போகிறான் என்று யூகிப்பதும் இன்னொரு அடுக்கு. பேச்சு முதலில் பறிப்பது இந்த இரண்டாவதை. ஓட்டுபவரோ முதலாவதை மட்டும் பார்த்து, "வண்டி நேராத்தானே போகுது" என்று தனக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறார்.

மூளை ஏன் இரண்டையும் ஒருசேரச் செய்யாது? ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வரும் இரு தூண்டல்களில் இரண்டாவதற்கான பதில் தாமதமாகிறது என்பதை உளவியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கண்டிருந்தார்கள். பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் வரிசையில் நிற்க வேண்டும். 2006இல் லெவி, பாஷ்லர், போயர் ஆகிய மூவரும் இதையே சிமுலேட்டரில் பிரேக் மிதிப்பதோடு வைத்துச் சோதித்தார்கள். மிக எளிய இன்னொரு வேலை கொஞ்சம் முன்னால் வந்தாலும் பிரேக்குக்குப் போகும் கால் தாமதித்தது. உயிர் போகும் காரியம் என்பதற்காக மூளை பிரேக்குக்கு முன்னுரிமை தந்துவிடவில்லை.

யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் இத்துறையில் அதிகம் பேசப்படும் பெயர். 2001இல் அவரும் வில்லியம் ஜான்ஸ்டனும் வெளியிட்ட ஆய்வில், போனில் உரையாடியவர்கள் சிக்னல்களைத் தவறவிடுவது இரண்டு மடங்கானது. போன் கையில் இருந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் ஏற்படவில்லை. ரேடியோவோ ஒலிப்புத்தகமோ கேட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. காதுக்குள் ஒலி நுழைவதால் வரும் கோளாறு இல்லை இது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தால் வருவது.

2003இல் அதே குழு ஓட்டுபவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தது. சாலையோர விளம்பரப் பலகைகள்மீது பார்வை நிலைகுத்தியதைக் கருவி உறுதிசெய்த பிறகு, எந்தப் பலகைகளைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். போன் பேசியவர்கள் தாங்கள் நேராகப் பார்த்த பலகைகளையே அடையாளம் காணத் தடுமாறினார்கள். மறந்துவிட்டார்கள் என்று சொல்லலாமே? அந்தச் சந்தேகத்துக்கும் பிற்பாடு விடை தேடினார்கள். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தவுடன் மூளையில் எழும் மின்னலையை அளந்தபோது, பேசிக்கொண்டிருந்தவர்களிடம் அதன் உயரம் பாதியாகக் குறைந்திருந்தது. பதிந்தது பின்னர் அழியவில்லை. பதியும்போதே அரைகுறையாகத்தான் பதிந்தது.

விபத்துக்குப் பின் "நான் அவனைப் பார்க்கவே இல்லை" என்று ஓட்டுநர்கள் சொல்வதை நாம் பொய் என்றே எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அது உண்மையாக இருக்கும். அந்தத் திசையில் கண் திரும்பியிருக்கும், ஆனால் ஆள் மனதில் ஏறியிருக்க மாட்டார். அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில், ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டு, அந்த வழியாக நடந்து போனவர்களிடம் விசாரித்தார்கள். போன் பேசியபடி நடந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் அவரைக் கவனித்திருந்தார். இருவராகப் பேசிக்கொண்டு நடந்தவர்களில் பெரும்பாலோர் கவனித்திருந்தார்கள். நடப்பதற்கே இந்தக் கதி.

ஒரு மனிதன் தான் காணத் தவறியதைத் தவறிவிட்டோம் என்று அறிய வழியே கிடையாது. தவறவிட்ட பலகை நினைவில் இருக்காது, தவறவிட்ட பாதசாரி பெரும்பாலும் தானே விலகி நின்று உயிர் பிழைத்திருப்பார். எனவே "இருபது வருஷமா பேசிக்கிட்டேதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை" என்ற வாக்குமூலத்துக்குச் சாட்சி மதிப்பு எதுவும் இல்லை. சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வகத்தை விட்டு நிஜ விபத்துகளுக்கு வந்தால் மிகவும் புகழ்பெற்றது டொராண்டோ ஆய்வு. 1997இல் டொனால்ட் ரெடல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி ஆகியோர், விபத்தில் சிக்கிய, போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் 26,798 அழைப்புகளை அலசினார்கள். அவர்களது உத்தி புத்திசாலித்தனமானது. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டார்கள்: மோதலுக்கு முந்தைய பத்து நிமிடத்தில் பேசினாரா, முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினாரா என்று. அவசரக்காரர், நிதானக்காரர் என்ற வேறுபாடு இதில் அடிபட்டுப்போகிறது. பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காத கருவிகள் அதிகப் பாதுகாப்பு தந்ததாகத் தெரியவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து இதே முறையில் செய்த ஆய்வும் நான்கு மடங்கு என்றே சொன்னது. டொராண்டோ ஆய்வில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு தகவலும் உண்டு: அந்த ஓட்டுநர்களில் 39 சதவீதம் பேர் மோதலுக்குப் பின் அவசர உதவியை அழைத்தது அதே போனில்தான்.

நான்கு மடங்கு என்பது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம் என்ற ஒப்பீடு அங்கிருந்துதான் பரவியது. 2006இல் ஸ்ட்ரேயர் குழு 40 பேரைச் சிமுலேட்டரில் அமர்த்தி இதை நேரடியாகவே சோதித்தது. அன்றைய அமெரிக்கச் சட்ட வரம்பான 0.08 சதவீதம் வரை ரத்தத்தில் மது ஏற்றப்பட்டவர்கள் முன்வண்டியை நெருக்கிக்கொண்டு முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். போன் பேசியவர்கள் மெதுவாக ஓட்டினார்கள், பிரேக்கை மட்டும் தாமதமாக மிதித்தார்கள். மோதிய மூவரும் போன் பேசியவர்கள். ஆனாலும் இந்த ஒப்பீட்டை மேடைக்கு மேடை முழங்குவது எனக்கு உடன்பாடில்லை. குடித்தவர் பயணம் முழுக்கப் போதையில் இருக்கிறார். பேசுபவர் போனை வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறார். இரண்டும் ஒரே ஆபத்தில்லை. சமம் என்று சொல்லிக் கேட்பவர், ஒருநாள் தன் அனுபவத்தை வைத்து அதை மறுத்துவிட்டால் மற்ற உண்மைகளையும் சேர்த்தே நிராகரிப்பார்.

உண்மையில் பேச்சைப் பற்றிய ஆதாரங்கள் ஒரே திசையில் நிற்கவில்லை. வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் வேறொரு வழியில் போனது. வாகனங்களிலேயே கேமராக்களைப் பொருத்தி, மக்கள் அன்றாடம் ஓட்டுவதை மாதக்கணக்கில் பதிவுசெய்தது. 2009இல் வெளியான அவர்களது கனரக வாகன ஆய்வில், குறுஞ்செய்தி அனுப்பும் லாரி ஓட்டுநருக்கு அபாயம் 23 மடங்கு. அதே ஆய்வில் போனில் பேசுவதால் அபாயம் கூடவே இல்லை; ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்களுக்குக் குறைந்தும் இருந்தது. இரவெல்லாம் ஓட்டும் லாரிக்காரருக்குப் பேச்சு தூக்கத்தை விரட்டுகிறது என்பது ஒரு விளக்கம். நமது நெடுஞ்சாலை டீக்கடைகளில் எந்த லாரி ஓட்டுநரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

பொருளியலாளர்களான சௌரப் பார்கவாவும் விக்ரம் பத்தானியாவும் இன்னும் தந்திரமான ஓர் இடத்தைப் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இரவு 9 மணிக்கு மேல் செல்போன் அழைப்பு இலவசம். வார நாட்களில் அந்த மணியடித்ததும் ஓட்டுநர்களின் அழைப்புகள் 7 சதவீதம் ஏறின. விபத்துகள் ஏறவில்லை. டொராண்டோவின் நான்கு மடங்கு கணக்கின்மீது வேறொரு விமரிசனமும் எழுந்தது. முந்தைய நாள் அதே பத்து நிமிடத்தில் அவர் உண்மையிலேயே வண்டியில்தான் இருந்தாரா? பாதி நேரம் வீட்டில் இருந்திருந்தால் கணக்கு ஊதிப்போகும். ஆய்வாளர்கள் இதற்குத் திருத்தம் செய்துதான் நான்குக்கு இறக்கினார்கள். அந்தத் திருத்தம் போதாது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இரு தரப்பையும் படித்த பிறகு எனக்குப் படுவது இது: வெறும் பேச்சின் அபாயம் நான்கு மடங்கைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் பூஜ்யம் இல்லை. 2008இல் ஜெஃப் கேர்ட் குழு 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பேசுபவரின் எதிர்வினை சராசரியாகக் கால் விநாடி தாமதமாகிறது என்று வந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கால் விநாடி என்றால் நான்கு மீட்டர் கூடுதல் ஓட்டம். பேசுகிறவர்களில் சிலர் இதை உணராமலேயே ஈடுகட்டுகிறார்கள்: வேகத்தைக் குறைக்கிறார்கள், முன்வண்டியிலிருந்து தள்ளி வருகிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையில் அது பலிக்கலாம். சென்னையில் நீங்கள் விட்ட இடைவெளி இரண்டு பைக்குகளுக்கும் ஓர் ஆட்டோவுக்குமான அழைப்பிதழ்.

கண்ணைத் திருப்பும் வேலைகளில் இந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. அங்கே எல்லா முறைகளும் ஒரே குரலில் பேசுகின்றன. குறுஞ்செய்தி தட்டிய லாரி ஓட்டுநர்கள் ஒவ்வொரு ஆறு விநாடியிலும் சராசரியாக 4.6 விநாடி சாலையைப் பார்க்கவில்லை. மணிக்கு 88 கிலோமீட்டரில் அது 110 மீட்டருக்கு மேற்பட்ட குருட்டு ஓட்டம். 2016இல் வெளியான பெரிய அமெரிக்கத் தொகுப்பில், 3,500க்கும் அதிகமான ஓட்டுநர்களின் 905 மோதல்களைக் காட்சிகளோடு ஆராய்ந்தார்கள். எண்களை அழுத்துவது அபாயத்தை 12 மடங்காக்கியது. குறுஞ்செய்தி 6 மடங்கு, போனை எட்டி எடுப்பதே ஏறத்தாழ 5 மடங்கு, கையில் பிடித்துப் பேசுவது 2 மடங்குக்குச் சற்று மேல். இருக்கைக்கு அடியில் விழுந்த போனைக் குனிந்து தேடுவது, அதில் பேசுவதைவிடக் கொடியது.

நம் நாட்டுக் கணக்கும் கொஞ்சம் உண்டு. ஐஐடி பம்பாயில் புஷ்பா சௌத்ரியும் நாகேந்திர வேலகாவும் இந்திய ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் அமர்த்தி, குறுக்கே பாதசாரி வரும் சூழலை உண்டாக்கினார்கள். சாதாரண உரையாடலின்போது எதிர்வினை நேரம் 40 சதவீதம் கூடியது. யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய உரையாடலில் 95 சதவீதம். சிக்கலான குறுஞ்செய்தியில் 204 சதவீதம். இந்த வரிசையில் நான் அதிகம் மதிப்பது முதலிரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரத்தை. "சாப்டியா, வந்துட்டிருக்கேன்" என்பதும், கடன் தவணையைப் பற்றி வங்கிக்காரரோடு வாதாடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே, மூளைக்கு அப்படியில்லை.

பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதையும் சோதித்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் ஒரு குறிப்பிட்ட ஓய்விடத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பியபோது, போனில் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். நண்பரை அருகில் வைத்துப் பேசியவர்களில் மிகச் சிலரே தவறவிட்டார்கள். அருகில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. லாரி குறுக்கிட்டால் அவர் வாய் தானாக மூடுகிறது, "ஏங்க, பார்த்து" என்று எச்சரிக்கவும் செய்கிறது. போனின் மறுமுனையில் இருப்பவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். மௌனம் வந்தால் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்கிறார். இளவட்டங்கள் கும்பலாக ஏறிய கார் இந்த விதிக்கு விலக்கு. அங்கே பயணிகளே ஆபத்து.

விதிவிலக்கான மனிதர்களும் இருக்கிறார்கள். 2010இல் ஜேசன் வாட்சனும் ஸ்ட்ரேயரும் சோதித்த 200 பேரில் 2.5 சதவீதம் பேருக்கு, போன் பேசியபடி ஓட்டியும் எதிலும் குறை நேரவில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தன்னை அந்த ஐந்து பேரில் ஒருவராகவே எண்ணிக்கொள்வார். மூன்று ஆண்டு கழித்து வந்த இன்னோர் ஆய்வு அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கிறது. ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் திறமை தனக்கு அதிகம் என்று நம்புபவர்கள், அப்படியே அடிக்கடி செய்பவர்கள், அளந்து பார்த்தால் அதில் பின்தங்கியவர்களாகவே இருந்தார்கள்.

இந்தியாவில் சாலை அமைச்சகக் கணக்குப்படி 2022இல் 1,68,491 பேர் சாலைகளில் இறந்தார்கள். 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட சாவுகளுக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்படுகிறது. போனின் பங்கு மிகச் சிறியது. நம் ஓட்டுநர்கள் போனை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற தொடர் ஏறக்குறைய அச்சடித்தது போல வரும். அந்தத் தொடருக்குள் தூக்கம், பிரேக் கோளாறு, சாலைக் குழி, போன் எல்லாம் அடங்கிவிடும். அழைப்புப் பதிவை வாங்கி, மோதிய நேரத்தோடு ஒத்துப்பார்த்தால்தான் போன் வெளியே வரும். இழப்பீட்டு வழக்குக்கு அது தேவைப்படுவதில்லை, ஆகவே பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை.

அந்த ஆண்டு இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஓட்டுவது பற்றி மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே கார், லாரியைப் பற்றியவை. கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செருகிய போன், கழுத்தைச் சாய்த்துத் தோளில் இடுக்கிய போன், ஹேண்டில்பாரில் கிளிப் போட்டு மாட்டிய போன் இவற்றுக்கு வெளிநாட்டு ஆய்வகங்களில் பதில் தேட முடியாது. காரில் கவனம் சிதறினால் நான்கு சக்கரம் நிற்கும். பைக்கில் சமநிலையும் கவனத்தின் வேலை. சாய்ந்த கழுத்து ஒரு பக்கக் கண்ணாடியையும் மறைத்துவிடுகிறது.

சட்டங்கள் பெரும்பாலான நாடுகளில் கையைத்தான் குறிவைக்கின்றன. பிரிட்டன் 2003 டிசம்பரில் கையில் பிடித்துப் பேசுவதைத் தடைசெய்தது. பேசுவது, செய்தி அனுப்புவது போன்ற தொடர்பாடலை மட்டுமே அந்தச் சட்டம் குறித்ததால், ஓட்டியபடி வீடியோ எடுத்த ஒருவர் 2019இல் உயர் நீதிமன்றத்தில் தப்பினார். ஓட்டையை அடைக்க 2022 வரை ஆயிற்று. இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டுதலில் சேர்த்தது. அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைக்கும் இடமுண்டு. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, கவனம் கெடாதபடி வழி பார்ப்பதற்கு மட்டும் போனை அனுமதித்தது. கவனம் கெட்டதா இல்லையா என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் எதை வைத்து அளப்பார் என்று விதி சொல்லவில்லை.

கையைத் தடுப்பதால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். எண் அழுத்துவதும், எட்டி எடுப்பதும், திரையைப் பார்ப்பதும்தான் கொல்பவை. கையைத் தடுத்தால் அவற்றில் ஒரு பகுதி குறையும். ஆனால் பிடிபடும் பயம் இல்லாத தடை வேறு விதமாகத் திரும்பும். 2010இல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் ஆய்வு, குறுஞ்செய்தித் தடை வந்த நான்கு மாநிலங்களில் மோதல் இழப்பீட்டுக் கோரிக்கைகள் குறையவில்லை என்றது. காவலர் கண்ணில் படாமலிருக்கப் போனை மடிக்கு இறக்கியிருப்பார்கள், அதனால் கண்ணும் கீழே இறங்கியிருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் இதற்கு மேலிருந்து விடை கண்டது. 2020 மார்ச் முதல், சாலைக்கு மேலே நின்று கண்ணாடி வழியாக மடியைப் படமெடுக்கும் கேமராக்களை வைத்து அபராதம் விதிக்கிறது. முன்னோட்டச் சோதனையில் 82 ஓட்டுநர்களில் ஒருவர் என்ற விகிதத்தில் சிக்கினார்கள். பின்னர் அந்த விகிதம் பல மடங்கு சரிந்தது.

மனதைத் தடுக்கும் சட்டம் எங்கும் வரவில்லை என்றே சொல்லலாம். 2010இல் மிசௌரியில் நடந்த தொடர் மோதலுக்கு முன் ஒரு பிக்கப் வண்டி ஓட்டுநர் 11 நிமிடத்தில் 11 குறுஞ்செய்திகளை அனுப்பியும் பெற்றும் இருந்தார். அதை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், ஹேண்ட்ஸ்ஃப்ரீ உட்பட எல்லாவற்றையும் தடைசெய்யுமாறு 2011 டிசம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. எல்லா ஓட்டுநருக்கும் பொருந்தும்படி எந்த மாநிலமும் அதை நிறைவேற்றவில்லை. கார் நிறுவனங்களோ எதிர்த்திசையில் போய், டாஷ்போர்டிலேயே பெரிய திரையைப் பதித்துவிட்டன. குரலால் இயக்கினால் பாதுகாப்பு என்ற விளம்பரமும் முழுக்க உண்மையில்லை. ஸ்ட்ரேயர் குழு 2015இல் அளந்தபோது, குரல் கட்டளை முடிந்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 விநாடி வரை ஆனது. சிவப்பு விளக்கில் நின்று செய்தி பார்ப்பவருக்கு இது பொருந்தும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் செய்திக்குள்தான் இருக்கிறார்.

ஓட்டுநருக்கு மட்டும் உபதேசம் செய்துகொண்டிருப்பதில் இன்னொரு குறை உண்டு. அழைப்புக்கு இரண்டு முனைகள். "வண்டில இருக்கேன்" என்று கேட்ட பிறகும் "ரெண்டே நிமிஷம்" என்று தொடர்பவர் வீட்டிலும் இருக்கிறார், அலுவலகத்திலும் இருக்கிறார். எடுக்காவிட்டால் பதறும் அம்மாவும், எடுக்காவிட்டால் திட்டும் மேலாளரும் அந்தக் கால் விநாடியில் பங்குதாரர்கள். உணவு கொண்டுவரும் இளைஞருக்கும் செயலி வழி டாக்ஸி ஓட்டுபவருக்கும் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குப் போன்தான் முதலாளி. அடுத்த ஆர்டர் திரையில் வந்து சில விநாடிகளே நிற்கும். தொடாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். பிழைப்பு அந்தத் தொடுதலில் இருக்கும்போது, கவனச்சிதறல் என்பதைத் தனிமனித ஒழுக்கமாகப் பேசுவது கொஞ்சம் வசதியான பேச்சு.

வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பது அந்தச் செயலிக்குத் தெரியும். வாடிக்கையாளர் திரையில் பைக் படம் நகர்வதே அந்தத் தகவலால்தான். 2017லிருந்து ஐபோன்களில் ஓட்டும்போது அறிவிப்புகளை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது, பயனர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். வேலை தரும் செயலிகளில் அதை விருப்பமாக விடாமல் விதியாக்கலாம்: சக்கரம் சுழலும்வரை புதிய ஆர்டர் காட்டக் கூடாது, காட்டினால் அபராதம் நிறுவனத்துக்கு. விபத்து விசாரணையில் அழைப்புப் பதிவோடு செயலியின் பதிவையும் கேட்டு வாங்கினால், அந்த விநாடியில் திரையை ஒளிரவைத்தது யார் என்பதும் வழக்கில் ஏறும்.